வாகை மரக் கட்டில்

வேங்கிக்கால்,
கார்த்திகை, வியாழக்கிழமை

அன்புள்ள அர்ஹந்துக்கு அம்மா எழுதுவது.

நீயும் கவிநிலாவும் சுகமா? ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். இருவரும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னோடு பேசமாட்டார், ஆனால் நீ பேசுவதில் ஒரு வார்த்தையையும் விடமாட்டார். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், கரண்ட் பில் கட்ட, கேஸ் பதிய என்று என் போன் பாதி நேரம் அவர் கையில்தான். அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் சாரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். அவர் தபாலில் சேர்த்துவிடுவார்.

பயப்படாதே. அப்பாவுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் அடிபட்டுவிட்டது. மரம் அறுக்கிற மெஷினில் பட்டு நுனி போய்விட்டது. போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மீதி விரலை நினைத்துத்தான் இப்போது பயம். சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் ஆறவே மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். போன வாரம் வீடியோவில், "அப்பா ஏம்மா துண்டுக்குள்ள கைய வெச்சிருக்கார், அங்கயும் குளிரா" என்று கேட்டாயே, அது குளிரில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

சர்வே ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனதும் அவர் மரவேலையில் இறங்கியது உனக்குத் தெரியும். நீ இருந்தபோது ஒரு முக்காலி செய்தார், அதில் உட்கார்ந்து நீ விழுந்தாய். இப்போது கை தேறிவிட்டது. நம் கார் ஷெட்தான் பட்டறை. செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு, எனக்கு ஒரு மணைப்பலகை, சுவாமி படங்களுக்கு ஒரு மாடம் எல்லாம் செய்துவிட்டார். கோதண்டராமன் சாரின் பழைய சாய்வு நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தபோது அவர்கள் வீட்டில் அதை அடையாளமே தெரியவில்லை. நீ போன பிறகு வீட்டில் பேச்சு கம்மி. மரம் சீவுகிற இழைப்புளி சத்தமாவது கேட்கிறதே என்று நானும் இருந்தேன்.

புரட்டாசியில் நீ போனில் சொன்னாய். தை மாதம் கவிநிலாவின் தங்கை கல்யாணத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வருகிறீர்கள், சம்பந்தி வீட்டிலேயே தங்குவீர்கள் என்று. "அவள அங்க கூட்டிட்டு வந்தா அப்பா மொகத்தத் திருப்பிப்பார். நான் மட்டும் வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போறேம்மா" என்றாய். சரிப்பா என்றேன். வேறென்ன சொல்வேன்? நீங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, நம் சமண வழக்கத்தில் வளராதவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அவர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன்.

நீ போனை வைத்ததும் அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரமே குட்டியானை வண்டியில் வாகைப் பலகைகள் வந்து இறங்கின. எதற்கு இவ்வளவு மரம் என்று கேட்டேன். "ஒரு கட்டில் பண்ணலாம்னு" என்றார். நமக்குத்தான் ஆளுக்கொரு கட்டில் இருக்கிறதே, இதை எங்கே போடுவார் என்று யோசித்தேன். 

இவ்வளவு பெரிய வேலை அவர் செய்ததில்லை. சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, காலில் குடைந்த பள்ளத்தில் செருகி, ஒரு ஆணிகூட அடிக்காமல் பொருத்தினார். சேராவிட்டால் மறுபடி செதுக்குவார். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ என்பார், வரமாட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார் என்பது உனக்குத் தெரியுமே, பல நாள் பட்டினியாகவே படுத்தார். வார்னிஷ் அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று ஆனது.

அப்போதுதான் ஷெட்டைப் பெருக்கும்போது கவனித்தேன். கட்டிலுக்கு அடியில் அரிசி மாவு கொட்டினதுபோல் வெள்ளையாக இருந்தது. பெருக்கினேன். மறுநாளும் கொட்டியிருந்தது. அவரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கச் சட்டத்தில் குண்டூசி குத்தினதுபோல் வரிசையாக ஓட்டைகள். வண்டு துளைத்திருந்தது.

கோதண்டராமன் சார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து இருக்குது சார். ஊசில ஏத்துனா எல்லாம் செத்துடும். விட்டீங்கன்னா ஜன்னல், நெலப்படின்னு ஜாஸ்தியாயிடும்" என்றார். பாட்டிலையும் அவரே வாங்கி வந்து வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. எறும்பு மொய்த்த டம்ளரைக்கூட ஊதி ஊதி அப்புறம் கழுவுகிறவர். கொல்லவும் மனமில்லை, வீட்டுக்குள் வைக்கவும் முடியாது. எனக்கோ அடுப்படிக் கதவைத் தட்டித் தட்டிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மரத்தின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கிற பாகத்தில்தான் வண்டு இருக்கிறது, உள்ளே வைரம் பாய்ந்த பாகத்தைத் தொடவில்லை. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் அறுத்தெடுத்து ஏரிக்கரையில் வேலமரத்தடியில் போட்டுவிடலாம் என்றார். "அங்க கெடந்து பொழைச்சிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "புழுவுக்கு எடம் பாக்கறீங்க. அந்தப் பொண்ணுக்கு எடம் இல்லன்னு சொன்னதும் இதே வாய்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. டேப்பை எடுத்துக் கட்டிலின் குறுக்கே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "அஞ்சடி அகலம், மாலா. இது நமக்குன்னா நெனச்ச?" என்றார்.

 அப்படியானால் அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். "என்ன மொகத்த வெச்சிகிட்டுக் கூப்பிடறது? மொதல்ல படுக்க ஒரு எடம் இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி. காலையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. பசை போட்டு இறுகின சட்டம், எளிதில் வரவில்லை போலிருக்கிறது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் பாதியில் நின்றது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறார், துண்டெல்லாம் சிவப்பு. "பயப்படாத, மெயின் சுவிட்ச அணைச்சிட்டு வா" என்கிறார்.

கிரிவலக் கூட்டம் அதற்குள் சேர ஆரம்பித்திருந்தது. ஒரு ஆட்டோ உள்ளே வர முடியவில்லை, ரோட்டுக்குக் குறுக்கே தடுப்பு. கோதண்டராமன் சார் ஸ்கூட்டரில் அவரை நடுவில் வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டேன். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் மூன்று பேரா என்று கையைக் காட்டினார், துண்டைப் பார்த்ததும் அவரே தடுப்பை இழுத்துவிட்டார். எதிரே வந்த ஜனங்கள் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள். நான் பஞ்ச மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் மறந்து மறந்து போயிற்று.

தையல் போடும்போது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அர்ஹந்துக்குச் சொல்லாத. ஐயோ பாவம்னு வருவான். அப்படி வர வேணாம்." சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். இதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், அறுத்த கட்டை எங்கே என்று கேட்டார். மருந்து வாங்கி வந்த அதே கோதண்டராமன் சார், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மீதியையும் அறுத்தெடுத்து, அதைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்திருந்தார். "அவர் வந்தா மொதல்ல இதைத்தான் கேப்பார்னு தெரியும்மா" என்றார்.

திங்கட்கிழமை

தொடங்கியதை முடிக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று தெரியாமல் உனக்கு அனுப்ப மனம் வரவில்லை.

இன்றைக்குக் கட்டுப் பிரித்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலுக்கு ரத்தம் ஓடுகிறதாம், மேற்கொண்டு எடுக்க வேண்டியதில்லையாம். சர்க்கரையை மட்டும் ஏறவிடக் கூடாது, இன்னும் சில வாரம் தண்ணீர் படக் கூடாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா டாக்டரிடம், கார்த்திகை முடிவதற்குள் உப்புத்தாள் பிடிக்கலாமா என்று கேட்கிறார்.

வந்ததும் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, "நீ தேய், நான் சொல்றேன்" என்றார். புதுச் சட்டத்தைக் கோதண்டராமன் சாரை வைத்துப் பொருத்தியாகிவிட்டது. நான் தேய்க்கிறேன். ரேகை போகிற பக்கமாகத் தேய்க்க வேண்டுமாம், குறுக்கே தேய்த்தால் கீறல் விழுமாம். எங்கே கெடுத்துவிடுவேனோ என்று ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். தேய்க்கும்போது சட்டென்று கேட்டார், "அந்தப் பொண்ணுக்கு வார்னிஷ் வாசனை ஒத்துக்குமா? மூச்சு கீச்சு முட்டுமா?" எனக்குத் தெரியாது என்றேன். "சீக்கிரம் அடிச்சிட்டா, தை பொறக்கறதுக்குள்ள வாசனை போயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அர்ஹந்த், நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து நிற்கும்போது அவர் வாசலுக்கு வந்து வாம்மா என்பாரா என்று எனக்குத் தெரியாது. ஷெட்டுக்குள் போய் நின்றுகொண்டாலும் நிற்பார். கவிநிலா அதைத் தப்பாக எடுத்துக்கொள்வாளோ, உனக்குக் கோபம் வந்து திரும்பிவிடுவாயோ என்று நினைத்து நினைத்து எனக்கு வேலை ஓடவில்லை. அவளிடம் சொல், எங்களுக்காக அவள் பொழுதோடு சாப்பிட வேண்டாம். எந்த நேரத்தில் பசித்தாலும் நான் சூடாகப் போட்டுத் தருவேன். கறி மட்டும் இந்த அடுப்பில் முடியாது, அது அவளுக்கே தெரியும்.

விரல் விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. நீயாகவே யோசித்ததுபோல், கல்யாணம் முடிந்து இங்கே வந்து தங்குகிறோம் என்று அடுத்த முறை போனில் சொல். கொஞ்சம் உரக்கச் சொல், அவர் காதில் விழட்டும்.

அருகன் அருளால் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போக மட்டும் வராதேப்பா. தனியாக வந்தாயானால், அவர் அந்தக் கட்டிலை உன் கண்ணில்கூடக் காட்டமாட்டார்.

உங்கள் இருவரின் அம்மா,
கனகமாலா