எந்த மண்டபம்?

மார்ச் 4

வெப்சைட்டிலிருந்து ஒரு மெசேஜ். கை கழுவாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆர்டர் இல்லை, யாரோ நம் கடையில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

படிப்பு முடித்த கையோடு நான் செய்த முதல் காரியம், அப்பாவின் மேடை அலங்காரக் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டது. முகப்பில் பெரிய எழுத்தில் ‘உங்கள் கனவுகளுக்கு மேடை அமைக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறேன். மாமா இன்று அதை வாய்விட்டுப் படித்தார். “கனவை எந்த ரேக்குல வெச்சிருக்கோம் பாப்பா? நான் இத்தனை வருஷமா துணியும் கம்பியும்தான ஏத்தியிறக்கறேன்?”

மாமா அம்மாவின் தம்பி. கடையின் வேனை ஓட்டுகிறார். வாயை மட்டும் நிறுத்தத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதில் இன்னும் கோபம்.

மார்ச் 6

கண்ணாடி மண்டபத்து மேனேஜர் அப்பாவை அழைத்துப் பேசியிருக்கிறார். நமக்குக் கிடைக்கிற வேலையில் பாதி அந்த மண்டபத்தில்தான். ஜூன் முதல் வெளி ஆட்களை உள்ளே விடப்போவதில்லையாம். சொந்தமாகவே அலங்காரத்துக்கு ஆள் வைக்கிறார்கள். அப்பா கடையை மூடிவிட்டு அங்கே சம்பளத்துக்குச் சேரலாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வேண்டும்.

அம்மாவுக்கு இதில் குழப்பமே இல்லை. “மாசம் பொறந்தா சம்பளம். இந்த வயசுல ஏணியில ஏறிக்கிட்டு என்னத்துக்கு?”

அப்பா மேடைத் துணி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அந்தக் கடைப் பலகையில் பெயர் எழுதிய நாளில் அப்பா எப்படி நின்றார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“ஏப்ரல் வரைக்கும் பதில் சொல்லாதீங்கப்பா. நெட்டுலேருந்து ஆர்டர் வரவெக்கிறேன்.”

என் குரல்தான்.

மார்ச் 7

சொல்லியாகிவிட்டது. எப்படி?

மார்ச் 9

வெப்சைட்டில் இருப்பது அப்பாவின் நம்பர். அப்பா ஏணியில் நிற்கும்போது போன் வேனில் கிடக்கும். இறங்கி வந்தாலும் தெரியாத நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட மாட்டார். “வேணும்னா அவங்களே மறுபடி கூப்பிடட்டும்.” இன்று அவர் போனை வாங்கிப் பார்த்தேன். எடுக்காத அழைப்புகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. என்கொயரி வராமல் இல்லை, வந்ததெல்லாம் வேனில் தூங்கியிருக்கிறது.

நம்பரை மாற்றி என்னுடையதைப் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. நான் போனில் பேச வேண்டுமா? நானா? கல்லூரியில் என் பெயரை வாசித்தால் ‘பிரசன்ட்’ என்பதையே பாதி முழுங்கித்தான் சொல்வேன்.

மார்ச் 10

முதல் அழைப்பு. “மேடை அலங்காரம் பண்றவங்களா?” என்று ஒரு பெண் குரல்.

“அப்பா இல்லைங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் போனை எடுத்தால் நான் சொல்லிப் பழகிய ஒரே வாக்கியம் அது. தானாக வந்துவிட்டது. அப்பா என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நல்லாயிருக்கு” என்றார் மாமா. “மனுஷனை முன்னால உட்காரவெச்சுக்கிட்டே இல்லாம ஆக்கிட்டா.”

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அவர் சிரித்து நாளாகிவிட்டது.

என்ன சொல்வதென்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். பரவாயில்லை. தாளில் இருந்ததை முழுக்கச் சொல்லி முடித்தேன்.

மார்ச் 15

ஒரு பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப். கல்யாணப் பெண்ணே எழுதியிருக்கிறாள். பழைய தியேட்டரை இடித்துக் கட்டிய மண்டபத்தை எடுத்திருக்கிறார்களாம். முன்பணம் கொடுத்த பிறகுதான் மேடைக்கு முன்னால் ஒரு தூண் நிற்பதைப் பார்த்தாளாம். “இடது பக்கம் உக்கார்றவங்களுக்கு நான் தெரியவே மாட்டேன். ஏதாவது பண்ண முடியுமா?”

அந்தத் தூண் எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் அப்பா வேலை செய்யும்போது அதில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

போனில் வராத வார்த்தைகள் விரலில் வந்தன. தூணை மறைக்கப் பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரியும், அப்படியே விட்டுவிடலாம். நாற்காலியை மேடைக்கு நடுவில் போடாமல் வலது பக்கம் நகர்த்தி, பின்திரையையும் அதே அளவு நகர்த்தினால் கூடத்தில் எல்லாருக்கும் முகம் தெரியும். படம் வரைந்து அனுப்பினேன். அப்பாவிடம் காட்டியபோது, “இன்னும் ஒரு முழம் தள்ளு” என்றார். தள்ளினேன்.

மார்ச் 16

தூண் பெண் ஆர்டர் கொடுத்துவிட்டாள்!

அவள் எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்: “நாலஞ்சு பேருக்கு மெசேஜ் போட்டேன். எல்லாரும் போட்டோவா அனுப்பித் தள்ளினாங்க. என் மண்டபத்தைப் பத்தி நீங்க மட்டும்தான் பேசினீங்க.”

மார்ச் 17

காலையிலிருந்து அந்த ஒரு வரிதான் மண்டையில் ஓடுகிறது.

கல்யாண வீட்டில் முதலில் மண்டபத்தைப் பிடிக்கிறார்கள். கவலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தூண், தாழ்ந்த கூரை, கண்ணைப் பறிக்கிற பச்சைச் சுவர். அந்தக் கவலையோடு போனில் தேடும்போது எதைப் போட்டுத் தேடுவார்கள்? கனவையா? மண்டபத்தின் பெயரைத்தான்!

முகப்பிலிருந்த கனவை அழித்தேன். ஒரே கேள்வி வைத்தேன்: ‘உங்கள் கல்யாணம் எந்த மண்டபத்தில்?’

இந்த ஊரில் இருக்கிற ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு பக்கம் எழுதப்போகிறேன்.

மார்ச் 24

மாமாவும் நானும் மண்டபம் மண்டபமாக அலைகிறோம். நான் டேப்பின் ஒரு முனை, அவர் மறுமுனை. இன்று ஒரு காவலாளி, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். “இவளுக்குத்தான். மாப்பிள்ளை இன்னும் முடிவாகல, அதுக்குள்ள அளவெடுக்க வந்துட்டா” என்றார் மாமா. தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது.

மேடையின் உயரம், பிளக் இருக்கும் இடம், படியில் எத்தனை பேர் சேர்ந்து ஏற முடியும், எந்த விளக்கு முகத்தை மஞ்சளாக்கும். எல்லாம் எழுதுகிறேன். சாயங்காலம் அப்பாவிடம் வாசித்துக் காட்டுகிறேன். “அங்க மின்விசிறி துணியை இழுக்கும், அதையும் போடு” என்கிறார். அம்மா பின்திரை தைத்துக்கொண்டே கேட்கிறாள். கேட்காத மாதிரி.

ஏப்ரல் 5

மூன்று என்கொயரி. ஒரே நாளில். மூன்று பேரும் மண்டபப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

ஒருவரிடம் தாள் இல்லாமலே பேசினேன்.

ஏப்ரல் 12

கண்ணாடி மண்டபத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று எழுதிவிட்டேன். மேடைக்குப் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. பார்க்க அழகு. ஆனால் மேற்கு. மாலை வரவேற்பில் வெயில் பின்னாலிருந்து அடித்து, மேடையில் நிற்கிறவர்களின் முகம் போட்டோவில் கறுத்துவிடும். எத்தனையோ குடும்பங்கள் பிறகு வருத்தப்பட்டதை அப்பா சொல்லியிருக்கிறார்.

நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சின்ன கர்வம்.

ஏப்ரல் 15

மேனேஜர் அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் அடுத்த அறைவரை கேட்டது. “சோறு போடற எடத்தையே குறை சொல்லி எழுதுதே உங்க பொண்ணு! இன்னைக்கே அதை எடுக்கச் சொல்லுங்க.”

அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். “எடுத்துடும்மா. நல்லா வர்ற வேலையைக் கெடுத்துடாத.”

எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன பண்ணேன்? ஏன் பண்ணேன்? அப்பாவோட வேலையில நான் எதுக்குக் கை வெச்சேன்? மத்த மண்டபத்துக்கெல்லாம் உண்மை, இதுக்கு மட்டும் வாய மூடிக்கணும்னா, நாளைக்கு என் பக்கத்தை எவ நம்புவா?

ஏப்ரல் 16

அப்பாவிடம் கேட்டேன். “நான் எழுதினதுல ஏதாவது பொய் இருக்காப்பா?”

“பொய் இல்ல.” என்று சொல்லிவிட்டு, “ஆனா கொஞ்சம் குத்தல் இருக்கு” என்றார்.

எடுத்து மறுபடி படித்தேன். ‘இங்கே மாலை வரவேற்பு வைப்பவர்கள் பாவம்’ என்று ஒரு வரி. யாருக்கும் உதவாத வரி. எழுதும்போது அதைத்தான் ரொம்ப ரசித்திருக்கிறேன். இன்னொன்றும் உறைத்தது. மற்ற மண்டபங்களுக்கெல்லாம் குறையோடு வழியும் சொல்லியிருக்கிறேன், இதற்குக் குறை மட்டும்தான்.

திருத்தினேன். காலைக் கல்யாணத்துக்கு இதைவிட வெளிச்சமான மண்டபம் இந்த ஊரில் இல்லை. மாலை என்றால், கண்ணாடிக்கு உள்பக்கம் அடர்த்தியான துணி கட்டினால் போதும்.

நாளை இதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். அப்பா வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 17

போனேன்.

மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே தாளை நீட்டினேன். படித்தார். “கண்ணாடியைப் பத்தியே வேண்டாம்மா. காலைக் கல்யாணம், வெளிச்சம், அதெல்லாம் இருக்கட்டும்.”

“கண்ணாடி இல்லாம போட முடியாதுங்க சார். வர்றவங்க அதுக்காகத்தான் படிக்கிறாங்க.”

“அப்போ உங்கப்பாவுக்கு இங்க வேலை இல்ல. ஜூன்வரைக்கும்கூட இல்ல, இனிமே உங்க வண்டியே உள்ள வர வேண்டாம்.”

“சரிங்க சார்.”

அவ்வளவுதான் பேசினேன். வாசல் வரைக்கும் நேராக நடந்தேன். மாமாவின் வேனில் ஏறி நடந்ததைச் சொன்னேன். மாமா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லும்போது அழுகை முட்டியது. “உங்க வேலையப் போக்கிட்டேம்பா.”

“நான் இன்னும் சேரவே இல்லையே, எப்படிப் போகும்?” என்றார். “பக்கத்தைத் திரும்பப் போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போடு.”

அம்மா தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

ஏப்ரல் 30

பதில் சொல்ல வேண்டிய நாள். சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. அப்பா வழக்கம்போலக் கடையைத் திறந்தார்.

மே 9

வாரம் முழுக்க ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே இன்னும் இரண்டு மண்டபம் எழுதினேன்.

மே 13

தூண் பெண்ணின் கல்யாணம். முடிந்ததும் இடது பக்கக் கடைசி வரிசையிலிருந்து அவள் அத்தை எடுத்த போட்டோவை அனுப்பினாள். எங்கள் போட்டோக்களில் எப்போதும் ஆள் இல்லாத மேடைதான் இருக்கும், அப்பா எல்லாரையும் விலக்கிவிட்டு எடுப்பார். இதில் முன்வரிசையின் தலைகள், யாரோ குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், ஓரத்தில் தூண், அதற்குப் பக்கத்தில் முழுதாகப் பெண்ணின் முகம். கோணல்மாணலான போட்டோ. அவளைக் கேட்டுவிட்டு அதையே அந்த மண்டபத்துப் பக்கத்தின் மேலே போட்டேன்.

மே 22

போன் ஓயவில்லை. இன்று சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு தரம் எழுந்தேன். மூன்றாவது தரம் அம்மா எடுத்தாள். “எந்த மண்டபம்ங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமல் போனை நீட்டினாள்.

ஜூன் 11

இன்று வந்த அழைப்பை எழுதிவைக்க வேண்டும். பெண்ணின் அண்ணன் பேசினார். வழக்கம்போல எந்த மண்டபம் என்று கேட்டேன்.

“இன்னும் எடுக்கலைங்க. உங்களைக் கேட்டுட்டு எடுக்கலாம்னு வீட்ல சொன்னாங்க.”

எப்படிப்பட்ட கல்யாணம் என்று விசாரித்தேன். காலைக் கல்யாணம், கூட்டம் அதிகம், வயதானவர்கள் நிறைய. அவர் இரண்டு மண்டபம் சொன்னார். அதில் ஒன்று கண்ணாடி மண்டபம்.

மற்றதைச் சொன்னால் வேலை நமக்கு. அதற்குப் படி செங்குத்து, வெளிச்சம் குறைவு. அப்பா வாசலில் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற சத்தம் நின்றது.

“காலைக் கல்யாணம்னா கண்ணாடி மண்டபம்தாங்க நல்லாயிருக்கும். அதையே எடுங்க. ஆனா அங்க எங்களால வேலை செய்ய முடியாது. அவங்க ஆளுங்களே பண்ணுவாங்க.”

“யார் சொன்னா? காசு குடுத்து எடுக்கறது நாங்க. நீங்கதான் பண்றீங்கன்னா எடுக்கறோம், இல்லேன்னா வேற பாக்கறோம்னு நானே பேசிக்கறேன்.”

அப்பா உள்ளே வந்தார். “என்ன சொன்ன?”

“அதையே எடுக்கச் சொல்லிட்டேம்பா.”

“கேட்டுச்சு” என்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கம்பி துடைக்கப் போனார். விசில் அடித்துக்கொண்டு.

ஜூன் 14

மேனேஜர் கூப்பிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு நம் வண்டி முன்வாசலுக்கு வருமா, பின்வாசலுக்கா என்று கேட்டார். முன்வாசலுக்கு என்றேன்.