மடத்துக்கு முந்தைய கடல்

மே 21, புதன். காரைக்கால்.

வெயில். காற்றில் உப்பு. லாட்ஜ் மாடியில் நாலு பேர் துணி காய்கிறது. பதினோரு நாள் அழுக்கு.

போன ஊர்கள்: காட்பாடி, ஆரணி, விழுப்புரம், திருச்சி, வேளாங்கண்ணி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சித்தி அல்லது மாமா. ஒவ்வொரு வீட்டிலும் பிரியாணி, செபம், ஒரு போட்டோ. கன்னியர் மடத்தில் சேரும் பெண்ணை முதலில் சொந்தக்காரர்களிடம் கூட்டிப்போய்க் காட்டுவது எங்கள் கோயில் பங்கில் வழக்கம். கல்யாணப் பெண்ணைப் போல. பத்திரிகை மட்டும் கிடையாது.

நாளை முழுக்கக் கடல். அப்பாவின் ஏற்பாடு. "எல்லாரும் கொஞ்சம் மூச்சு வுடலாம்." வெள்ளி காலை ஒன்பதுக்கு மடம்.

ஸ்டெல்லா அக்காவுக்கு இருபத்தாறு. ராபர்ட்சன்பேட்டையில் கணக்கு டீச்சர். வேலையை விட்டாயிற்று. உள்ளே போனால் முதல் வருஷம் வீட்டுக்கு வர முடியாது. நாங்களும் பார்க்க முடியாது. மாதம் ஒரு கடிதம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முடிவைச் சொன்னாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் என் வழியாக.

"கேளு, அவளுக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு."

எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. "வேணாம்னு சொல்லு."

நான் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் காது கேட்கிறது.

மடத்திலிருந்து வந்த தாளில் கடைசி வரி: வாசலில் பெற்றோர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து ஒப்படைக்க வேண்டும். அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குளிக்கப் போனதும் அப்பா: "மேரி, போட்டுடுவ இல்ல?"

"என்னக் கேட்டுக்கினா அவ முடிவு பண்ணா?"

படுக்கப் போகும் முன் அக்கா கேட்டது ஒன்றுதான். "அம்மா போட மாட்டாங்களாடி?" தெரியவில்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

மே 22, வியாழன்.

கா. 6.30. கடல். வலை காயும் வாடை. ஆள் குறைவு.

அப்பா தங்கச் சுரங்கத்தில், பெல் அடித்தால் இறங்கும் கேஜ் என்ற கூண்டில், தொண்ணூறாவது லெவல் வரை இறங்கியவர். கடலில் கணுக்காலுக்கு மேல் போகவில்லை.

நான்: "இன்னாப்பா, பயமா?"

"கேஜ் இல்லாம எப்பிடிமா எறங்கறது? பெல் அடிக்கவும் ஆள் இல்ல."

அக்கா வெகுநேரம் சிரித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கவா, தெரியாது.

பிறகு அது நடந்தது. அக்கா வெறும் மணலில் உட்கார்ந்தாள். கால் நீட்டி. அள்ளி அள்ளி முழங்காலில் கொட்டிக்கொண்டாள்.

அம்மா ஓடி வந்தாள். "எழுந்திருடி! அந்த மண்ணத் தொடாத! கைய வாயில வெச்சிடுவ!"

நேராக. அவளிடம்.

தவக்காலத்துக்குப் பிறகு முதல் தடவை.

எங்கள் ஊரில் மணல் என்றால் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய வெள்ளைப் பொடி, மலை மலையாக. காற்றடிக்கிற மாதங்களில் தட்டில், தலையணையில், பல்லிடுக்கில். சின்ன வயதில் அதில் சறுக்கிவிட்டு வருவோம். அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். வாளி, சோப்பு, பிறகு அடி. அந்தப் பழக்கம் கடலைப் பார்த்தும் நிற்கவில்லை.

அக்கா: "மா, இது கடல் மண்ணுமா. ஒண்ணும் ஆவாது."

அப்போதுதான் அம்மாவுக்கும் உறைத்தது. ஆனாலும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அக்காவின் கைகள். பிறகு பாதங்கள். விரல் விரலாக. கழுவக் கழுவ ஈர மணல் மறுபடி ஒட்டியது. இன்னொரு பாட்டில் கேட்டாள். கொடுத்தேன். குடிக்க வைத்திருந்தது.

பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவது நினைவுக்கு வந்தது. உடனே வெட்கம். எதையும் இன்னொன்றாகப் பார்ப்பது நான் படித்த இலக்கிய எம்.ஏ. கொடுத்த நோய். பாதம் பாதம்தான்.

"எவ்ளோ வெடிப்பு. தேங்காண்ண தடவறதே இல்லியா?"

"தடவறேம்மா."

"உள்ள எண்ண குடுப்பாங்களா?"

"தெரியல."

அம்மா எழுந்து போய்விட்டாள்.

மா. 4: சுண்டல். அப்பா முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூக்கம். கைக்குட்டை ஏறி இறங்குவதையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் திரும்பவில்லை.

மே 23, வெள்ளி.

மடம். பச்சை கேட். வேப்பமரம். வயதான சிஸ்டர் ஒருவர் சாவிக்கொத்தோடு. அவசரப்படுத்தவில்லை.

அப்பா போட்டார். கட்டைவிரலால், கோணலான சிலுவை.

அடுத்து அம்மா. அக்கா உயரம், அதனால் குனிந்தாள். அம்மாவின் கை முந்தானைக்குள். அக்கா குனிந்தபடியே. எவ்வளவு நேரம்? எங்களை இறக்கிய ஆட்டோ திரும்பி, தெருமுனை தாண்டும் வரை.

"வெயில் ஏறுது. உள்ள போ."

அக்கா நிமிர்ந்தாள். "சரிம்மா."

என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஏன்?

பஸ். வேலூர் வரை மூன்று பேர் சீட்டில் மூன்று பேர். அம்மா என் வழியாகச் சொல்ல இப்போது எதுவும் இல்லை.

மே 24, சனி. கோரமண்டல், எங்கள் வீடு.

பங்காருபேட்டையில், எங்கள் ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பு. தூறல். பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை.

பக்கத்து வீட்டு லில்லி ஆன்ட்டி, குடையோடு: "இன்னாக்கா, பொண்ண வுட்டுட்டு வந்துட்டியா? அழுதாளா?"

"அவ எதுக்கு அழணும்?"

அம்மா எங்கள் அறையை இரண்டு முறை பெருக்கினாள். இரண்டு கட்டில், ஒன்றில் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது. கேட்டுவிட்டேன்: ஏம்மா சிலுவ போடல?

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"போட்டா முடிஞ்சிபூடும்னு இருந்தேன். போடலன்னா நிப்பான்னு நெனச்சேன்." சுருட்டிய மெத்தையைத் தட்டிவிட்டு: "அவ பாட்டுக்குப் போயிட்டா. வெறும் நெத்தியோட."

மே 25, ஞாயிறு.

பூசை. அம்மா சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது யாரோடும் நின்று பேசவும் இல்லை.

மதியம் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம்: "ஏங்க, காரைக்காலுக்கு ஒருத்தி தனியாப் போவ முடியுமா?"

"உள்ள வுட மாட்டாங்க மேரி. ஒரு வருஷம் கீது."

"உள்ள யாரு போறாங்க? கேட்டாண்ட நிக்கிறேன். நெத்தி வந்தா போதும்."

அப்பா குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். சோறு தீர்ந்திருந்தது.

மே 26, திங்கள்.

கா. 5.40. நான் தினமும் பெங்களூருக்குப் போகும் அதே ரயில். அதே முகங்கள், அதே தூக்கம். பக்கத்தில் அம்மா, மடியில் பை. "நீ ஆபீசுக்குப் போ. நான் பங்காருபேட்டையில எறங்கிக்கறேன்."

பங்காருபேட்டை. இறங்கினாள். நானும்.

"நீ எதுக்குடி எறங்கின?"

"உனக்கு வழி தெரியாதே."

"கேட்டுகினு போவேன்."

ரயில் போய்விட்டது. ஆபீசுக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். காரைக்காலுக்குப் போக முதலில் பிடிக்க வேண்டிய காட்பாடி வண்டி தாமதம் என்கிறார்கள்.