மழையின் மேல் போட்ட பழி

ஜூன் 3, செவ்வாய்

கண் டாக்டர் இன்று சுற்றி வளைக்கவில்லை. நேர்ப்பார்வை நன்றாக இருக்கிறதாம். பக்கப்பார்வைதான் இரண்டு கண்ணிலும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எழுந்து வரும்போது, வண்டி ஏதாவது ஓட்டுகிறேனா என்று கேட்டார். சைக்கிள் என்றேன். "அதையும் விட்டுடுங்க" என்றார்.

வீட்டில் மனைவி கேட்டாள். கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஓர் அம்மா எனக்கு இடப்பக்கமாக வந்து நின்று, வெகுநேரம் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தாராம். எனக்குக் காது மந்தமாகிவிட்டது, போய்க் காட்டு என்கிறார் முதலாளி. தலையாட்டி வைத்தேன். செவிடு என்றால் எவ்வளவோ தேவலை.

ஜூன் 7, சனி

நாளை அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். சைக்கிளில் அணைக்கட்டு வரை ஒரு தடவை போய்விட்டு வரலாம். கடைசித் தடவை என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கிளம்பும்போது மூட்டமாக இருந்தது. ஊரைத் தாண்டியதும் தூறல், மேட்டில் ஏறும்போது சுள்ளென்று வெயில், அணைக்கட்டை நெருங்கும்போது எதிர்க்காற்று. கால் வலித்தது. ஆனால் எதிரே நீண்டு கிடந்த சாலை முழுக்கத் தெரிந்தது. டாக்டர் மிகைப்படுத்துகிறார் என்றுகூட நினைத்தேன்.

அணைக்கட்டில் பெருமழை பிடித்துக்கொண்டது. பூட்டிக்கிடந்த கடையொன்றின் தகரக்கூரையடியில் ஒதுங்கி நின்றேன். விட்டதும் திரும்பினேன். மேற்கே சாய்ந்த வெயில் ஈரச்சாலையில் பட்டுக் கண்ணில் குத்தியது. இறங்கியிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஏன் இறங்கவில்லை?

சாலையோரக் குடியிருப்பு ஒன்றைக் கடக்கும்போது ஏதோ மோதியது. குடையோடு ஒரு பெண் கீழே கிடந்தார். வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. ரோடு வழுக்குது, அவர்தான் என்ன பண்ணுவார் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அந்தப் பெண்ணே எனக்கு ஆறுதல் சொன்னார்: "மழைக்கு நீங்க என்ன செய்வீங்க? பயப்படாதீங்க."

ஆமாங்க, பிரேக் பிடிக்கல என்றேன்.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் அழுத்தவே இல்லை. பார்த்தால்தானே அழுத்த?

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. அவர் தையற்காரராம்.

ஜூன் 9, திங்கள்

சோறு இறங்கவில்லை.

ஜூன் 11, புதன்

கிழிந்த பேன்ட்டை அவள் பார்த்துவிட்டாள். விழுந்ததைச் சொன்னேன். மழையில் யார் போகச் சொன்னது என்று ஆரம்பித்தாள். இவளும் மழை என்கிறாள்! தாங்க முடியவில்லை — மழையில்லடி, எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு, பக்கத்துல யாரு நின்னாலும் தெரியல, தெரிஞ்சேதான் ஏறிப் போனேன் — என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்து போய், நடையில் கிடந்த முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "இதுல நீங்க இடிச்சுக்கிறப்பல்லாம் திட்டிட்டே இருந்தேனே" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

இருவருமாகத் தையற்காரர் வீட்டுக்குப் போனோம். மிஷினில் ஊசிக்கடியில் ஒரு பள்ளிச் சீருடை பாதியில் நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். சொன்னேன். எல்லாவற்றையும்.

"டாக்டர் ஓட்டாதீங்கன்னு சொல்லியும் ஏறினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நான் வேற உங்களுக்குச் சமாதானம் சொல்லிட்டு வந்தேன் பாருங்க." குரலை உயர்த்தவில்லை. "கிளம்புங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. அவரிடம் அதை எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 23, திங்கள்

காது நன்றாகத்தான் கேட்கிறது, கண்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். இனி உள்ளே மருந்து அடுக்கும் வேலை. வாடிக்கையாளர் முகம் பார்க்க வேண்டாம் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

மச்சான் வந்து சைக்கிளை எடுத்துப்போனான். வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போனதால் தெரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கட்டுப் பிரித்திருப்பார்கள் என்று தையற்காரரைப் பார்க்கத் தனியாகவே கிளம்பினேன். அவள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் நடத்துநரிடம் நிறுத்தம் வந்தால் சொல்லச் சொன்னேன். போர்டு பார்த்து இறங்க வேண்டியதுதானே என்றார். கண் சரியாகத் தெரியாது என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். நான் இறங்கி நிற்கும்வரை அவர் விசிலடிக்கவில்லை.

தையற்காரர் கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய் நின்றேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கத்திரி பிடிக்க வரல. மிஷின் ஓட்டலாம். வெட்டுறதுக்குத் தங்கச்சி வர்றா."

குரல் வலப்பக்கமிருந்து வந்தது. திரும்பித் தேடினேன். சுவர்தான் தெரிந்தது, அப்புறம் ஜன்னல்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்லங்க."

அவர் நகர்ந்து, எனக்கு நேரெதிரே வந்து நின்றார். விரல்களை மெதுவாக மடக்கிக் காட்டினார். முழுதாக மடங்கவில்லை.