தரையில் பிரேக் தேடிய கால்

என் அன்பு வாப்பா,

உங்கள் மேல் சலாம் உண்டாகட்டும். உங்கள் கபரை அல்லாஹ் விசாலமாக்கட்டும். பெண்பிள்ளைகள் நாங்கள் உங்களை அடக்கிய கோட்டாறு மையவாடிக்கு வருவதில்லை. அதனால் உங்கள் கபருக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதை இப்படி எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா போன வியாழக்கிழமை முடிந்தது. நெய்ச்சோறு நன்றாக வந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் உங்கள் தம்பி, சாச்சா, அந்தக் கதையை எடுத்தார். "முப்பது வருஷம் நாரோயில்ல இருந்து திருநவேலிக்கு பஸ் ஓட்டின மனுசன். ஆரல்வாமொழி காத்துக்கே அசையாத ஆளு. தாயிஃப் மலையில ஒரு கார்ல இருந்து நடுங்கிட்டாரு, பாத்துக்கிடுங்க." பாசமாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்காக இத்தாவில் வெளியே வராமல் இருக்கும் உம்மாவும் உள்ளறையில் சிரித்தது கேட்டது. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கதையைப் பரப்பியவள் நான்தான், வாப்பா.

உம்ராவுக்கு நாம் மூன்று பேரும் போனபோது, மக்கா நகரத்திலிருந்து தாயிஃபுக்கு ஒரு நாள் போய்வர வாடகைக் கார் பிடித்தோம். நீங்கள் பழக்க தோஷத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடினீர்கள். அந்த நாட்டில் அது இடது பக்கம். "என் சீட்டைக் குடுத்துட்டு வளையத்தைக் கொண்டு போயிட்டானே" என்றீர்கள். உம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏறும்போது ஒரு குறையுமில்லை. இறக்கத்தில்தான் டிரைவருக்குப் போன் வந்தது. ஒரு கையில் போன், மறுகை பேச்சுக்குத் தக்கபடி காற்றில். முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வளைவில் லாரியை முந்தினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். உம்மா கண்ணை இறுக மூடிக் கலிமா சொன்னாள். மெதுவாகப் போகச் சொல்ல உங்களுக்குத் தெரிந்த அரபி "ஷ்வய், ஷ்வய்" மட்டும்தான். அதையே சொல்லிச் சொல்லி உங்கள் குரல் கம்மிவிட்டது. வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மிதி, அங்கே இல்லாத பிரேக்கை.

எனக்கும் பயம்தான். ஆனாலும் அந்தக் காலைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்து எட்டிப் போனில் வீடியோ பிடித்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த காருக்குள் உங்கள் கழுத்து நனைந்து காலர் ஒட்டிப்போயிருந்தது. இடது கை, சீட் பெல்ட்டை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது.

"பயமா இருக்கா வாப்பா?" என்று கேட்டேன்.

நீங்கள் திரும்பவில்லை. "ஒண்ணும் இல்ல மக்கா. கொஞ்சம் வேர்க்கு, அவ்வளவுதான்."

"நம்ம பஸ் டிரைவருக்கே பயம் வந்திட்டு" என்றாள் உம்மா.

"பயந்துட்டேன்னே வச்சுக்க" என்றீர்கள். அடிவாரம் வருவதற்குள் வீடியோ குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது.

ஊர் திரும்பிப் பதினோராம் நாள் காலையில், சாயா கிளாஸ் கையில் இருக்கும்போதே சரிந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம்தான் கேட்டார். "இதுக்கு முன்னாடியே ஒரு தடவை நெஞ்சடைப்பு வந்து போயிருக்கு. சமீபத்துல எப்பவாவது வேர்த்துக் கொட்டிச்சா?" இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அந்த நனைந்த காலர் ஞாபகம் வந்தது. சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு அப்போதே தெரியுமா வாப்பா? உம்மா இருபது வருஷம் ஆசைப்பட்ட பயணம் கெட்டுப்போகுமே என்று மறைத்தீர்களா? நான் பயமா என்று கேட்காமல், வலிக்கா வாப்பா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பாத்திஹாவுக்கு மறுநாள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ரூமுக்கு வந்து வலது காலு நோவுதுன்னாரு. தைலம் தேச்சு விட்டேன். நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே மக்கா" என்று அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதிப் போடு. சிரிச்சவங்க எல்லாரும் வாசிக்கட்டும். அவரு பயந்த ஆளு இல்ல."

அதற்குத்தான் இந்தக் கடிதம். சாச்சாவுக்கும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன்.

வீடியோ என் போனில் இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன், என் சிரிப்பு கேட்கக் கூடாது என்று. கடைசி வளைவில் உங்கள் கை மார்பை விட்டு எடுபடவே இல்லை. அப்போதும் கால் தரையை மிதிக்கிறது. பின்சீட்டில் நாங்கள் இருந்தோம் அல்லவா.

இனி யாராவது அந்தக் கதையை எடுத்தால் எழுந்து போக மாட்டேன், வாப்பா. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகச் சொல்வேன். நெஞ்சு வலியோடு மலை இறங்கும் வரைக்கும் எங்களுக்காகப் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தார் என்று சொல்வேன்.

பின்சீட்டில் இருந்து சிரித்த,
உங்கள் மகள்