சக்கர நாற்காலியை மறக்காத கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உதவாக்கரைப் பிள்ளை இங்கே குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேடிய அன்று, "நீங்கள் பார்ப்பதை நினைவில் வைக்கக் குக்கீ போடலாமா?" என்று அந்த இணையதளம் பணிவாகக் கேட்டது. நாடு நகரத்தைத் தானம் தரும் சக்கரவர்த்தி போலச் சம்மதம் அருளினேன். நீலமா சிவப்பா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். நாற்காலி மட்டும் இன்னும், நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், விளம்பரமாக வந்து ஏழு கடல் தாண்டித் துரத்துகிறது.

"குக்கீயை அழிச்சிடுங்க மாமா, உடனே மறந்துடும்," என்றாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண்.

அழிக்கத்தான் போனேன். அம்மா இருக்கிறாள் என்று நம்பும் ஒரே ஜீவன் அதுதானே அப்பா? விட்டுவிட்டேன்.

மேலாளர் வருகிறார். ஒன்று மட்டும் எழுதுங்கள்: அம்மாவுக்குப் பிடித்தது நீலமா, சிவப்பா?

உங்கள் மகன்