தெருக்குத்து வீட்டை விற்றுவிட்டேன், அக்கா

அக்கா, வீடு வித்தாச்சு, புரோக்கரே இல்லாமல், நீ சொன்ன அதே விலைக்கு, பத்திரப்பதிவும் முடிந்து இப்போதுதான் சூளகிரி பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன்!

பக்கத்து சீட்டுக்காரர் காலடியில் ஒரு பெயின்ட் டப்பா இருக்கிறது. மூடி சரியில்லை, வாசனை வருகிறது. கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல், காம்பவுண்டு சுவரில் நீ எழுதினாயே, அந்த நீல பெயின்ட் வாசனை. ‘வீடு விற்பனைக்கு. புரோக்கர் வரவேண்டாம்.’ நான் அதைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தேன். உன் முதல் ரசிகன் நான்தானே.

மறுநாள் நீ அந்த எழுத்துக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வந்தான். தெருமுனையில் ரியல் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருப்பவன்.

"ஏம்மா, இது தெருக்குத்து வூடு. தெரு நேரா வந்து வாசல்ல முட்டுது. என்னை விட்டா எவனும் எடுக்க மாட்டான்."

நீ பிரஷ்ஷைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏண்ணா, நான் வூடு கட்டறப்போ எதிர்ல வெறும் ராகிக் காடுதானே? நீ பிளாட் போட்டு ரோடு வுட்டே. அப்போ குத்து யாரு வெச்சது?"

நான் சிரித்த சிரிப்பில் அவன் முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து வீடு பார்க்க வந்தவர்களையெல்லாம் முனையிலேயே மடக்கினான். வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். விற்ற பணத்தில் ஓசூரில் தையல் யூனிட் போடுவேன் என்று நீ பார்த்து வைத்த இடமும் கைவிட்டுப் போனது.

அப்புறம் டெங்கு வந்தது. நீ போய்விட்டாய்.

உன் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "நான்தான் அப்பவே சொன்னேனே, அந்த வூட்ல ஆளு தங்காதுன்னு." உன் சாவையும் விலை குறைக்கப் பயன்படுத்திக்கொண்டான், அக்கா. நான் அவன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கில்லாமல் நானே விற்பதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டை நானே வீடியோ எடுத்துப் போட்டேன். தெருக்குத்தையும் மறைக்கவில்லை, தெருவிலிருந்தே நடந்து வந்து காட்டினேன். உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு லாரிக்காரரும் அவர் மனைவி லட்சுமம்மாவும் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவன் முனையில் அவர்களையும் மடக்கி உன் கதையைச் சொல்லியிருக்கிறான்.

"காய்ச்சலு கொசுனால வருமா, ரோடுனால வருமா?" என்று லட்சுமம்மா என்னையே கேட்டார். "குத்துன்னா ஒரு புள்ளையார வெச்சா போவுது."

லாரிக்காரர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிய ஒடிக்கவே வேணாம் தம்பி. நேரா உள்ள வுட்டுக்கலாம்."

முடிந்தது. உன் வாரிசாக அம்மா கையெழுத்துப் போட்டார்.

இனிமேல்தான் நல்ல பகுதி. பதிவு வரைக்கும் காத்திருக்காமல் நேற்றே வாசல் சுவர்மேல் பிள்ளையாரை வைத்துவிட்டார்கள். அவர் தெருவை நேராகப் பார்க்கிறார். தெருவின் அந்த முனையில் இருப்பது அவன் ஆபீஸ்! பிள்ளையாரின் முதுகுப்பக்கமிருந்து அவன் போர்டு தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டேன். ‘அப்போ குத்து இனி அந்தப் பக்கமா?’ என்று யாரோ கமென்ட் போட்டார்கள். நான் ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டேன். இன்றைக்குக் காலையில் நான் பதிவுக்குக் கிளம்பும்போது, அவனிடம் பிளாட் பார்க்க வந்த குடும்பம் பிள்ளையாரைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, காரில் ஏறிவிட்டது. "அது சும்மா மூடநம்பிக்கைங்க!" என்று பின்னாலேயே ஓடினான். அவன் வாயாலேயே, அக்கா!

எனக்கு இரக்கம் வரவில்லை. உன் தைரியம் எனக்கு அவ்வளவாக வரவில்லை, உன் கோபம் மட்டும் முழுசாக வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும்: ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே பால் காய்ச்சுகிறார்கள். எல்லோரையும் கூப்பிடச் சொன்னார் லட்சுமம்மா. ஷேர் பண்ணுங்கள், கூட்டமாக வாருங்கள். வழி தெரிந்தாலும் பரவாயில்லை, முனையில் இருக்கிற ஆபீஸ் வாசலில் நின்று சத்தமாகக் கேளுங்கள்: "அண்ணா, புரோக்கர் இல்லாம வித்த வூடு எது?"