பை தைத்தவர்கள் அரைத்த பொடி

மாப்ள,

இன்று காலை திலக் நகரிலிருந்து ஒரு இட்லிப் பொடிப் பாக்கெட் திரும்பி வந்தது. கொண்டுவந்த டெலிவரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். வெட்டிய வாயை ஒழுங்காக மடித்து ரப்பர் போட்டு அனுப்பியிருந்தார்கள். பிரித்து நாக்கில் வைத்தேன். உப்பு கூடுதல். இந்த வாரம்தான் வேறு கல்லுப்புக்கு மாறினோம், அது கரிப்பு அதிகம் போலிருக்கிறது. அந்த வீட்டுக்குப் போன் செய்து, "தப்பு எங்க மேலதாங்க, சாயங்காலம் நானே வேற பாக்கெட் கொண்டு வாறேன்" என்றேன். போனை வைத்ததும் உன் நினைப்பு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. இதேபோல ஒரு பாக்கெட் திரும்பி வந்ததற்காக நான் தொழிலையே இழுத்து மூடப் பார்த்தேன். அன்றைக்கு என் முகம் இருந்த இருப்பைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

பதினெட்டு வருஷம் தாராவியில் நாம் கூட்டாக லெதர் பை தைத்தோம். தோல் வெட்டுவது நீ, ஆர்டர் பிடிப்பதும் தையலும் நான். உன் ஊரும் என் ஊரும் திருநெல்வேலிப் பக்கம் எட்டே மைல் தூரம், ஆனால் பார்த்துக்கொள்ள பம்பாய் வரவேண்டியிருந்தது. நீ என்னை மாப்ள என்பாய், நான் உன்னை மாப்ள என்பேன். இதில் யார் மாமனார் வீட்டுக்காரன் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

பிறகு மூன்று சீசன் தொடர்ந்து ஆர்டர் இல்லை. நமக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த சேட் ரெடிமேட் பைக்கு மாறிவிட்டார். ஐந்து தையல் மெஷினும் துணி போர்த்திக்கொண்டு நின்றன. மதியம் மட்டும் நம் பட்டறை அறையில் கூட்டம் இருந்தது. என் வீட்டுக்காரி செல்வி கொடுத்துவிடும் இட்லிப் பொடிக்கு நீதான் முதல் ஆள். அப்புறம் பக்கத்து ஜிப் கடைக்காரர், எதிர்த்த பெல்ட் பட்டறைக்காரர், ஒருநாள் சேட்டின் கணக்குப்பிள்ளையே டப்பாவை வழித்தார். அன்றைக்குத்தான் நீ விரலைச் சப்பிக்கொண்டே சொன்னாய்.

"மாப்ள, நம்ம பையக் கேட்டு ஒருத்தனும் வரல. இந்தப் பொடியக் கேட்டு மூணு பேரு வந்துட்டாம். தொழில மாத்திருவமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பத்தாறு வயதில் பொடி விற்கவா என்றேன். பையைத் தவிர நமக்கு என்னலே தெரியும் என்றேன். நீ அசரவில்லை. "பதினெட்டு வருசத்துக்கு முந்தி நமக்குப் பை மட்டும் தெரிஞ்சுதாக்கும்?" என்றாய். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சொன்ன பதில், சரி என்பதுதான்.

மெஷின்களை விற்று ஒரு அரவை மெஷின் வாங்கினோம். அறையை மூன்று முறை கழுவி வெள்ளையடித்தோம். உன் கட்டிங் மேஜையை மட்டும் விற்க நான் விடவில்லை. எட்டடி நீளத் தேக்கு, எங்கே கிடைக்கும் என்றேன். செல்வி வீட்டில் வறுத்துக் கொடுப்பாள், நாம் அறையில் அரைத்து, அந்த மேஜையில் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் பாக்கெட் போடுவோம்.

லேபிளும் என் வேலைதான். 'மூன்று தலைமுறைக் கைப்பக்குவம்' என்று அச்சடித்துக்கொண்டு வந்தேன். நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னையே பார்த்தாய்.

"எந்த மூணு தலைமுறைலே? எங்க வாப்பா மீன் வித்தாரு. ஒங்கப்பா ரயில்வேல தண்டவாளம் பாத்தாரு."

"பை தைக்கிறவன் பொடிய எவன் வாங்குவான்?" என்றேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. புதிதாக ஆரம்பிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள அந்த வயதில் நாக்கு எழவில்லை. நீ தோளைக் குலுக்கிவிட்டு லேபிளை ஒட்ட ஆரம்பித்தாய்.

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி மாமிதான் நம் முதல் வாடிக்கை. தான் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு, சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்தில் இன்னும் பத்து வீட்டை வாங்க வைத்தார். நாம் கால் தரையில் பாவாமல் திரும்பினோம். மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன். உடனே வரச் சொன்னார். போனால் பாக்கெட் வாசல் ஸ்டூலில் இருந்தது.

"ஏம்பா, இதை எங்க வெச்சு அரைச்சேள்? செருப்பு ஒட்டற பசை வாடைன்னா அடிக்கறது. எங்காத்துல யாரும் வாயில வெக்கலை."

நான் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீயும் பார்த்தாய், உனக்கும் தெரியவில்லை. மாமிக்கு ஏதோ பிரமை என்றுதான் படியிறங்கும்போது நான் சொன்னேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும், நீ பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் பாக்கெட்டை நீட்டி, முகர்ந்து சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டாய். அவர் முகர்ந்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"சப்பல்."

செருப்பு என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். நாம் இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினெட்டு வருஷம் காலையிலிருந்து இருட்டும்வரை பசை டப்பாவுக்கு மேலே குனிந்திருந்தவர்கள் நாம். நம் மூக்கு எப்போது போனது என்பதுகூட நமக்குத் தெரியாது. மூக்கில்லாத இரண்டு பேர் சாப்பாட்டுச் சாமான் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. "போதும்லே. வித்த மெஷினத் திருப்பிக் கேப்போம். பையோடயே கெடந்து சாவோம்" என்றேன். நீ என் டிக்கெட்டையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டாய்.

செல்வியை அறைக்கு வரச்சொன்னது நீதான். அதுவரை அவள் அங்கே வந்ததில்லை, நம் பட்டறைக்கு வீட்டுப் பெண்கள் வரும் வழக்கமில்லையே. அவள் சுவரை முகர்ந்தாள், அரவை மெஷினை முகர்ந்தாள், மேஜைக்கு மேல் குனிந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள். "இதுதாண்ணே. மரம் பூரா குடிச்சு வச்சிருக்கு. இதுலயா என் பொடியக் கொட்டுனீங்க?" என்றாள். பதினெட்டு வருஷமாகச் சிந்திய பசை முழுவதும் அந்தத் தேக்கில் இருந்தது.

நான் கழுவிப் பார்க்கலாம், இழைத்துப் பார்க்கலாம் என்று இழுத்தேன். நீ பக்கத்துத் தச்சரிடம் போய் ரம்பம் வாங்கி வந்தாய். அவர் ஆள் அனுப்புகிறேன் என்றதற்கும் வேண்டாமென்றாயாம். "இதுல நின்னது நான்லா. நாந்தான் அறுக்கணும்" என்றாய். உன் இடுப்பு உரசி உரசி ஒரு பக்கம் வழவழப்பாகி இருந்தது மேஜை. அந்தப் பக்கத்திலிருந்துதான் அறுக்க ஆரம்பித்தாய். எனக்குப் பார்க்க முடியாமல் வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தேன். வந்தபோது நீ சட்டையைக் கழற்றிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாதி மேஜையைத் தாண்டியிருந்தாய்.

அதைவிடப் பெரிய காரியத்தை மறுநாள் செய்தாய். பதினொரு வீட்டுக்கும் போய்ப் பதில் சொல்லி, மீதிப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்க வேண்டும். அரவை மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடுவோம் என்று வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ தலையாட்டிக்கொண்டே வந்தாய். முதலில் மாமியின் கதவு திறந்ததும் கும்பிட்டுவிட்டுச் சொன்னாய்.

"மாமி, நாங்க பொடிக்காரங்க இல்ல. பதினெட்டு வருசமா பை தச்சவங்க. பசையில எங்க மூக்கு செத்துப்போச்சு. ஒங்க மூக்கு எங்களுக்கு வேணும். அடுத்த தடவ அரைச்சா மொதல்ல ஒங்ககிட்டதான் கொண்டாருவோம். நீங்க சரின்னா விக்கோம், இல்லன்னா கொட்டிருதோம்."

நான் மூன்று படி கீழே நின்றுகொண்டிருந்தேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மாமி உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்லப்படாதோ? அப்ப மூணு தலைமுறைன்னு எதுக்குப் போட்டேள்?"

"அது இவன் போட்டது மாமி. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி."

மாமி சிரித்துவிட்டார். நானும் மேலே ஏறி வந்து சிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த எட்டு வீட்டிலும் அதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாய். கடைசி இரண்டு வீட்டில் நீ ஒதுங்கிக்கொண்டு என்னைச் சொல்ல வைத்தாய். சொல்லி முடித்து வெளியே வந்தபோது எனக்கு ஜுரம் விட்டாற்போல் இருந்தது. அந்தப் பதினொன்றில் ஒரே ஒரு வீடுதான் பிறகு நம்மிடம் வாங்கவில்லை. மாமியோ ஏழு மாதம் நம் பொடியை ஒன்றுவிடாமல் முகர்ந்து, அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது மாதம் நீ போய்விட்டாய். காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தவன் அப்படியே சாய்ந்தாய் என்றார்கள். கபரில் மூன்று பிடி மண் போட என்னையும் முன்னால் விட்டார்கள். என் மேல் எனக்கே சந்தேகம் இருந்தது மாப்ள, தனியாக ஓட்டுவேனா என்று. ஓட்டிவிட்டேன். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது இரண்டு அறை, ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள், முலுண்ட்வரை சரக்கு போகிறது. லேபிளில் 'முன்பு பை தைத்தவர்கள் அரைக்கும் பொடி' என்று போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். அடுத்த மாதம் மான்குர்த்தில் ஊறுகாயும் போட ஆரம்பிக்கிறேன். எனக்கு அது ஒன்றும் தெரியாது. தெரியாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. நீ போன மறுவருஷம் ஒரு காலையில் செல்வி மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். நான் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் போல ஆகிவிட்டதோ என்று பதறி ஓடிவந்தாள். "என்ன செய்யுது?" என்றாள். "மல்லி மணக்குது" என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், மல்லி கொஞ்சம் தீய்ந்துவிட்டது, அந்தத் தீய்ந்த வாடையும் எனக்குத் தெரிந்தது. உன் மூக்குக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை. உன் பொடி எப்படி மணக்கும் என்று தெரியாமலே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அரவையிலும் முதல் கரண்டியை நான் இரண்டு தடவை முகர்கிறேன். எதற்கு ரெண்டு தடவ என்று செல்வி ஒருநாள் கேட்டாள். ஒண்ணு அவனுக்கு என்றேன். அதன்பிறகு அவள் கேட்பதில்லை. நான் ஒரு தடவை முகர்ந்து தலையாட்டிய பிறகும், நீட்டிய கரண்டியைத் திரும்ப எடுக்காமல், உன் முறைக்காக அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.